ரிப்போர்ட்டில் 'பிளேட்லெட் கிளம்ப்ஸ்' என்று இருக்கிறது: ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்கு மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

வைகைக்கரை | காலை 10.40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் பதற்றத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை உண்டு. ஏழு மாதம் முன்பு நெஞ்சுவலி வந்து, ஆஞ்சியோ பார்த்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து எக்கோஸ்பிரின் 75 (ஆஸ்பிரின்), குளோபிடோக்ரெல் 75 என்று ரத்தத்தை இளக்கும் ரெண்டு மாத்திரை, கொழுப்பு மாத்திரை எல்லாம் தவறாமல் போட்டு வருகிறார். இந்த வாரம் லேசான காய்ச்சல். எங்கள் தெருவில் ரெண்டு பேருக்கு டெங்கு என்பதால் பயந்து ரத்தப் பரிசோதனை எடுத்தோம். ஹீமோகுளோபின் சரி, வெள்ளை அணு சரி. பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) மட்டும் குறைந்து 62,000. அதன் கீழே பொடி எழுத்தில் "பிளேட்லெட் கிளம்ப்ஸ் காணப்படுகின்றன" என்று ஒரு வரி.

இப்போது வீட்டில் ரெண்டு கட்சி. சித்தப்பா சொல்வது: "பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டுகிறது என்றால் ரத்தம் உள்ளே கட்டுகிறது, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ." பக்கத்து வீட்டு அக்கா சொல்வது நேர் எதிர்: "62,000-தான் இருக்கிறது, ரத்தத்தை இளக்கும் மாத்திரையை இன்றே நிறுத்து, இல்லாவிட்டால் மூளையில் ரத்தம் கசியும், பப்பாளி இலைச் சாறு கொடு." இதய டாக்டர் மாலைதான் வருவார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எக்கோஸ்பிரின் போட வேண்டும். போடலாமா, கூடாதா?

ஊதாமூடி | காலை 10.58

சகோதரி, முதலில் நிதானமாக இருங்கள். நான் பல வருஷமாக ஹெமட்டாலஜி லேப்பில், அதாவது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், வேலை பார்ப்பவன். அந்தப் பொடி எழுத்து வரி எங்களுக்குத் தினமும் பழக்கமான ஒன்று. பெரும்பாலும் அது உங்கள் அப்பாவின் ரத்தக்குழாயில் நடப்பதைச் சொல்லவில்லை. டியூபுக்குள் நடந்ததைச் சொல்கிறது.

சி.பி.சி. (ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) எடுக்கும்போது ஊதா மூடி போட்ட டியூபில் ரத்தம் பிடிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதில் ஈடிடிஏ என்ற ரசாயனம் இருக்கும். ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உறையவிடாமல் தடுப்பது அதன் வேலை. ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு ரத்தத்தில் ஒருவகை எதிர்ப்பொருள் இருக்கும். உடம்புக்குள் இருக்கிற வரை அது எதுவும் செய்யாது. ஈடிடிஏ பட்டதும் பிளேட்லெட்டின் மேற்பரப்பில் மறைந்திருந்த ஓர் இடம் வெளியே தெரியும். அந்த எதிர்ப்பொருள் அங்கே போய் ஒட்டி, பிளேட்லெட்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்துவிடும். டியூப் ஆறி அறை வெப்பநிலைக்கு வர வர இது கூடும். கவுன்டர் மெஷினுக்கு அளவுதான் தெரியும். இருபது பிளேட்லெட் சேர்ந்த கொத்தை அது ஒன்றாக எண்ணும், இல்லையென்றால் வெள்ளை அணு என்று நினைத்து அந்தக் கணக்கில் சேர்த்துவிடும். எண்ணிக்கை குறைந்து காட்ட இதுதான் காரணம்.

எதிர்ப்பொருள் எதுவும் இல்லாமலும் கொத்து வரும். நரம்பு சரியாகக் கிடைக்காமல் ஊசியை அப்படி இப்படித் திருப்பி மெதுவாக எடுத்தாலோ, எடுத்ததும் டியூபை மெல்லக் கவிழ்த்துக் கலக்காமல் ஸ்டாண்டில் வைத்துவிட்டாலோ ஓரத்தில் உறைய ஆரம்பித்துவிடும். அவசரம் நிறைந்த காலை நேரத்தில் இது சகஜம்.

செய்ய வேண்டியது: அதே லேப்பில் போய், நீல மூடி டியூபில், அதாவது சிட்ரேட்டில், இன்னொரு முறை எடுத்து உடனே ஓட்டச் சொல்லுங்கள். சிட்ரேட் திரவம் ரத்தத்தைக் கொஞ்சம் நீர்க்கச் செய்வதால் வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும். கூடவே ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்குச் சிட்ரேட்டிலும் ஒட்டும், அப்போது ஸ்மியர் என்ற அந்தத் தகடுதான் கைகொடுக்கும். டெங்கு இருக்கிறதா என்பது தனிக் கேள்வி, அதற்கு என்எஸ்1 என்ற டெங்கு பரிசோதனை பாருங்கள்.

மாத்திரை பற்றிச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் 62,000 என்ற அந்த எண்ணை நம்பி யாரும் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அது எண்ணே இல்லை.

கரிசல்காட்டான் | காலை 11.10

இது இவ்வளவு சாதாரண விஷயம் என்றால், ரிப்போர்ட்டிலேயே "இது டியூபில் நடந்தது, மறுபடி எடுங்கள்" என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? ஜனங்கள் ராத்திரி தூங்காமல் கிடக்கிறார்கள்.

ஊதாமூடி | காலை 11.14

நியாயமான கோபம். நல்ல லேப்களில் மெஷின் எச்சரிக்கை காட்டியதும் ஸ்மியர் பார்க்காமல் ரிப்போர்ட் வெளியே போகாது. எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை.

உடலியல்_வாத்தியார் | காலை 11.31

மருத்துவக் கல்லூரியில் உடலியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர் அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மா, மாலை வரை டாக்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். ஸ்டென்ட் வைத்த ஆஸ்பத்திரிக்கு இப்போதே போன் போட்டு, பணியில் இருக்கும் டாக்டரிடம் "ஏழு மாத ஸ்டென்ட், ரெண்டு மாத்திரை, பிளேட்லெட் 62,000, கிளம்ப்ஸ் என்று போட்டிருக்கிறது" என்று இந்த நாலு விவரத்தையும் சொல்லுங்கள். அவர்கள் பதில் சொல்லாமல் உங்களாக நிறுத்தாதீர்கள். பல் ஈறில் ரத்தம், கருப்பாக மலம், தோலில் சிவப்புப் புள்ளிகள், கடுமையான தலைவலி, இதில் எதாவது இருந்தால் போனோடு நிற்காமல் நேரே கூட்டிப் போங்கள்.

நிறுத்தாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் வைத்த உலோக வலை. அதன் மேல் குழாயின் சொந்த உள்தோல் வளர்ந்து மூடும் வரை பிளேட்லெட்டுக்கு அது வெளி ஆள்தான். இப்போது வைக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட்களில், மறுபடி சதை வளராமல் தடுக்கும் அந்த மருந்தே உள்தோல் மூடுவதையும் தாமதப்படுத்தும். அதனால்தான் மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வழக்கமாக ஒரு வருஷம் ரெண்டு மாத்திரை. ரத்தக்கசிவு அபாயம் கூடுதலாக இருப்பவர்களுக்கு டாக்டரே அதைக் குறைப்பார். எண்ணிக்கை நிஜமாகவே 50,000-க்குக் கீழே போனால் எதை வைப்பது, எதை விடுவது என்று அவர் கணக்குப் போடுவார். அந்தக் கணக்கைப் பக்கத்து வீட்டில் போட முடியாது.

நெறியாளர் | காலை 11.40

வழக்கமான நினைவூட்டல்: இங்கே எழுதுவது பொதுத் தகவல். மருந்தைத் தொடங்க, நிறுத்த, மாற்ற உங்கள் டாக்டரைக் கேளுங்கள். பப்பாளி இலை பற்றித் தனி இழை இருக்கிறது, அந்தச் சண்டையை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

வைகைக்கரை | மாலை 6.25

போன் போட்டேன். "மாத்திரையைப் போடுங்கள், உடனே ரிப்பீட் எடுங்கள்" என்றார்கள். லேப்பில் நீல மூடி டியூப் என்று கேட்டதும் அங்கிருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் எடுத்தார். 1,76,000 வந்தது. பக்கத்திலேயே பேனாவால் 1.1-ஆல் பெருக்கி 1,93,600 என்று எழுதி, ஸ்மியரில் போதுமான பிளேட்லெட் இருக்கிறது என்றும் போட்டுக் கொடுத்தார். டெங்கு இல்லை. இதய டாக்டரும் பார்த்துவிட்டு எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஊதாமூடி அண்ணா, வாத்தியார் ஐயா, ரொம்ப நன்றி.

சரி, பயம் போன பிறகு சந்தேகம் வருகிறது. டியூபில் ஒட்டியது பொய் என்றால், இதயத்தில் ஒட்டும் என்கிறார்களே, அது எப்படி? கொழுப்பு படிந்து அடைத்தது என்றுதானே ஆஞ்சியோவின்போது சொன்னார்கள். அதில் பிளேட்லெட்டுக்கு என்ன வேலை?

உடலியல்_வாத்தியார் | இரவு 8.10

நல்ல செய்தி. கேள்வியும் நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல முடியும்.

தண்ணீர்க் குழாயில் உப்புப் படிவதைப் போல இதயக் குழாயில் கொழுப்புப் படிந்து படிந்து ஒருநாள் மூடிக்கொள்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். நடைப்பயிற்சியில் நெஞ்சு இறுகி, நின்றால் சரியாகும் வலிக்கு அந்தப் படம் ஓரளவு பொருந்தும். திடீர் மாரடைப்புக்குப் பொருந்தாது. பாதிக்கும் குறைவாகவே அடைத்திருந்த கொழுப்புத் திட்டுகள்கூடப் பல மாரடைப்புகளுக்குக் காரணமாக இருக்கின்றன. முந்தின வாரம் டிரெட்மில் சோதனையில் தேறியவர் இந்த வாரம் விழுகிறாரே, அது இப்படித்தான்.

கொழுப்புத் திட்டு குழாயின் சுவருக்குள் இருக்கிறது. அதன் மேல் நார்த்திசுவால் ஆன ஒரு மூடி. அந்த மூடி மெலிந்து கிழிந்தாலோ, அதன் மேலிருக்கும் உள்தோல் உரிந்தாலோ, அதுவரை ரத்தம் பார்த்திராத கொலாஜன் என்ற நார்ப் புரதமும் கொழுப்புக் கூழும் ரத்தத்தின் முன் வந்து நிற்கும். பிளேட்லெட்டின் கண்ணில் இது ஒரு வெட்டுக்காயம். கையில் அரிவாள்மணை பட்டதா, இதயக் குழாயின் உள்ளே திட்டு கிழிந்ததா என்று பிரித்துப் பார்க்கும் அறிவு அதற்குக் கிடையாது. அதற்கு உட்கருவே இல்லை. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் மெகாகேரியோசைட் என்ற ராட்சத செல்லிலிருந்து பிய்ந்து வந்த துணுக்கு அது. ஏழிலிருந்து பத்து நாள் ஆயுள். தினமும் ஏறத்தாழ 10,000 கோடி புதிதாக வருகின்றன.

முதலில் ஒட்டுதல். தமனியில் ரத்தம் வேகமாக ஓடும். அந்த வேகத்தில் பிளேட்லெட் தானாக நின்று ஒட்ட முடியாது. வான் வில்லிபிராண்ட் காரணி என்ற நீண்ட புரதம் கொலாஜனில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, ஓட்டத்தின் இழுப்பில் சுருள் பிரிந்து நீள்கிறது. அதில் பிளேட்லெட் மாட்டிக்கொள்கிறது. 1926-ல் பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட், ஆலண்ட் தீவுகளில் ஒரு குடும்பத்தில் தலைமுறையாக இருந்த ரத்தப்போக்கு நோயை விவரித்தார். இந்தப் புரதம் குறைவாக இருந்ததுதான் அதற்குக் காரணம் என்பது பின்னால் தெரிந்தது.

அடுத்து கூப்பிடுதல். ஒட்டிய பிளேட்லெட் தன் பையில் வைத்திருக்கும் ஏடிபி (ADP) என்ற பொருளை வெளியே கொட்டும், திராம்பாக்ஸேன் என்ற பொருளைத் தயாரித்து விடும். ரெண்டும் அக்கம்பக்கத்தில் போகும் பிளேட்லெட்களைத் தட்டி எழுப்பும். எழுந்தவை உருவம் மாறி, கை கால் நீட்டி, தாங்களும் அதையே கொட்டும்.

கடைசியாகக் கோத்துக்கொள்ளுதல். ஒவ்வொரு பிளேட்லெட்டின் மேலும் பல பத்தாயிரம் ஜிபி 2பி/3ஏ ஏற்பிகள் இருக்கின்றன. சும்மா இருக்கும்போது அவை மூடியிருக்கும். எழுப்பிவிட்டால் திறந்து ரத்தத்தில் இருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைப் பிடிக்கும். ஃபைப்ரினோஜனுக்கு ரெண்டு முனை என்பதால் மறுமுனையை இன்னொரு பிளேட்லெட் பிடிக்கும். இப்படித்தான் கொத்து. அதன் மேல் திராம்பின் என்ற நொதி வேலை செய்து, ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் இழைகளாக்கி வலை பின்னினால் உறுதியான கட்டி. மூணு மில்லிமீட்டர் அகலக் குழாயை மூட நிமிடக் கணக்கு போதும்.

சாதாரண குழாயில் இது ஏன் நடப்பதில்லை என்றால், ஆரோக்கியமான உள்தோல் நைட்ரிக் ஆக்ஸைடையும் புரோஸ்டாசைக்ளினையும் விட்டுக்கொண்டே இருக்கிறது. அவை பிளேட்லெட்டை அமைதியாக வைத்திருக்கும். சர்க்கரையும் புகையும் அந்த உள்தோலைக் கெடுத்து, பிளேட்லெட்டையும் முன்கோபி ஆக்கிவிடுகின்றன. உங்கள் அப்பாவின் சர்க்கரை அளவைப் பற்றி இதய டாக்டர் நச்சரிப்பார், நச்சரிக்கட்டும்.

கரிசல்காட்டான் | இரவு 8.42

ஐயா, கட்டிதான் காரணம் என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? செத்த பிறகு ரத்தம் உறைவது இயல்புதானே. போஸ்ட்மார்ட்டத்தில் பார்த்துவிட்டுச் சொன்ன கதையாக இருக்கப் போகிறது.

உடலியல்_வாத்தியார் | இரவு 9.05

இதே சந்தேகம் மருத்துவ உலகத்துக்கே பல காலம் இருந்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹெரிக் 1912-லேயே இதயக் குழாயில் ரத்தக்கட்டி அடைப்பதைப் பற்றி எழுதினார். ஆனால் 1970-கள் வரைகூட, மாரடைப்பு முதலில் வருகிறது, கட்டி அதன் பின்விளைவு என்று வாதாடியவர்கள் உண்டு. அந்த வாதத்தை முடித்துவைத்தது 1980-ல் வந்த ஆய்வு. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் மார்கஸ் டிவுட் குழுவினர், மாரடைப்பு வந்த சூட்டோடு நோயாளிகளுக்கு ஆஞ்சியோ செய்தார்கள். அந்தக் காலத்தில் அது துணிச்சலான காரியம். நாலு மணி நேரத்துக்குள் பார்த்த 126 பேரில் 110 பேருக்குக் குழாய் முழுவதும் மூடியிருந்தது. 12 மணி நேரம் கழித்துப் பார்த்தவர்களில் அந்த விகிதம் 65 சதவீதமாக இறங்கியிருந்தது. அடைப்பு முதலில் இருக்கிறது, நேரம் போகப் போகச் சிலருக்குத் தானாகவே கரைகிறது. பின்விளைவு என்றால் கணக்கு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

மெல்போர்ன்_மாமி | மறுநாள் காலை 5.50

வாசித்துக்கொண்டே வந்தேன். எனக்கு 73 வயது. இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. பல வருஷமாகச் சின்ன ஆஸ்பிரின் போட்டு வந்தேன், போன முறை எங்கள் டாக்டர் நிறுத்திவிட்டார். இங்கே ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் சேர்த்து 19,114 முதியவர்களை வைத்துச் செய்த ஆஸ்ப்ரீ ஆய்வு 2018-ல் வந்தது, அதன்படி பிரயோசனம் இல்லை, ரத்தப்போக்குத்தான் கூடுகிறது என்றார். இந்த இழையில் நீங்கள் ஒருநாள்கூட நிறுத்தாதே என்கிறீர்கள். எதைத்தான் நம்புவது?

மருந்துக்கடை_மணி | காலை 7.20

மாமி, ரெண்டும் சரி. ஆள்தான் வேறு.

உங்களுக்கு இதுவரை மாரடைப்பு இல்லை, பக்கவாதம் இல்லை, ஸ்டென்ட் இல்லை. இனி வரலாம் என்ற சின்ன வாய்ப்புக்காக மாத்திரை. அந்தச் சின்ன வாய்ப்பைக் குறைத்துக் கிடைக்கும் லாபத்தை, வயிற்றிலும் தலையிலும் வரும் ரத்தக்கசிவு தின்றுவிடுகிறது. வயது ஏற ஏற இன்னும் மோசம். அமெரிக்க நோய்த்தடுப்புக் குழுவும் 2022-ல், 60 வயதுக்கு மேல் நோய் இல்லாதவர்கள் புதிதாக ஆஸ்பிரின் தொடங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

வைகைக்கரையின் அப்பாவுக்குத் திட்டு ஏற்கெனவே ஒருமுறை கிழிந்தாகிவிட்டது, உள்ளே உலோகமும் இருக்கிறது. அவருக்கு லாபம் பெரிது. கடையில் தினமும் பார்க்கிறேன். சீட்டே இல்லாமல் "ரத்தம் சுத்தமாக இருக்கட்டும், ஒரு அட்டை எக்கோஸ்பிரின் குடு" என்று கேட்கிறவரும் இதே தெருவில் இருக்கிறார், ஸ்டென்ட் வைத்த ரெண்டாம் மாதமே "வயிறு எரியுது" என்று நிறுத்திவிட்டு வருகிறவரும் இருக்கிறார். மாத்திரை இடம் மாறிப் போகிறது.

சோழிங்கன் | காலை 8.02

ஆஸ்பிரின் வேலை செய்கிறது என்று நிரூபித்த ஆய்விலேயே ஒரு வேடிக்கை உண்டு, நம்ம ஊருக்கு ஏற்றது. 1988-ல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வு. 17,187 மாரடைப்பு நோயாளிகள். ஒரு மாதம் தினம் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்ததில் ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தக்குழாய் நோயால் இறப்பது 23 சதவீதம் குறைந்தது. கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் சேர்த்தால் 42 சதவீதம். வெளியிடும் முன், ஆண் பெண், வயது என்று நோயாளிகளைப் பிரித்துப் பிரித்துக் கணக்குக் காட்டச் சொல்லி லான்செட் மருத்துவ இதழ் கேட்டது. அப்படிக் கூறுபோட்டால் தற்செயலாக எது வேண்டுமானாலும் வரும் என்று காட்ட, ஆய்வாளர்கள் பிறந்த ராசிப்படியும் பிரித்துப் போட்டார்கள். மிதுன ராசிக்கும் துலா ராசிக்கும் ஆஸ்பிரின் பலன் தரவில்லை, மற்ற பத்து ராசிக்கும் அமோகம்!

நானும் துலாம்தான். மாத்திரை போடுகிறேன்.

வேம்படியான் | காலை 9.15

எல்லோரும் ஆங்கில மருந்துக்கே கொடி பிடிக்கிறீர்கள். பூண்டும் மருதம்பட்டையும் ரத்தம் கட்டாமல் பார்த்துக்கொள்ளும் என்று நம் பெரியவர்கள் சொல்லவில்லையா? பூண்டு பிளேட்லெட் ஒட்டுவதைத் தடுக்கும் என்று ஆராய்ச்சியே இருக்கிறது. வயிற்றைப் புண்ணாக்கும் மாத்திரை எதற்கு?

உடலியல்_வாத்தியார் | காலை 10.30

பூண்டில் அஜோயீன் என்ற பொருள் இருக்கிறது, அது சோதனைக் குழாயில் பிளேட்லெட் கொத்தாவதைத் தடுப்பது உண்மை. நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. எந்த அளவு பூண்டு, எவ்வளவு நேரத்துக்கு, யாருக்கு என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை. ஸ்டென்ட் வைத்தவருக்கு மாத்திரைக்குப் பதில் பூண்டு போதும் என்று காட்டிய ஆய்வு எதுவும் கிடையாது.

ஆஸ்பிரினின் பலம் அது கெட்டிக்கார மருந்து என்பதில் இல்லை, அதன் வேலை அளந்து தெரிந்தது என்பதில் இருக்கிறது. பிளேட்லெட்டுக்குள் திராம்பாக்ஸேன் தயாரிக்கும் காக்ஸ்-1 என்ற நொதியை அது நிரந்தரமாகப் பூட்டிவிடுகிறது. மற்ற செல்கள் என்றால் புதிய நொதி செய்துகொள்ளும். பிளேட்லெட்டுக்கு உட்கரு இல்லை, செய்யத் தெரியாது. அது சாகும் வரை அந்தப் பூட்டு பூட்டுதான். ரத்தத்தில் அரை மணிக்கணக்கில் மறைந்துபோகும் மருந்து, 75 மில்லிகிராம் அளவில், தினம் ஒரு வேளை போதும் என்பது இதனால்தான். நிறுத்தினால் ஒரு நாளைக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் புதிய, பூட்டாத பிளேட்லெட்கள் வந்து சேரும்.

சோதனைக் குழாய் என்றதும் ஒன்று சொல்ல ஆசை. 1962-ல் லண்டனில் கஸ்டவ் பார்ன், இயற்பியலாளர் மாக்ஸ் பார்னின் மகன், ஒரு எளிய கருவி செய்தார். பிளேட்லெட் நிறைந்த பிளாஸ்மா கலங்கலாக இருக்கும். அதன் ஊடே ஒளியை விட்டால் கொஞ்சம்தான் மறுபக்கம் போகும். ஒரு சிட்டிகை ஏடிபி சேர்த்தால் பிளேட்லெட்கள் கொத்தாகி, இடையில் இருக்கும் திரவம் தெளியும், ஒளி பளிச்சென்று கூடும். அந்தக் கோட்டை வரைபடமாக எடுத்தால் எவ்வளவு ஒட்டுகிறது, எந்த மருந்து தடுக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். நாங்கள் முதுகலை மாணவர்களுக்குக் காட்டும்போது, ஆஸ்பிரின் போட்டவனின் ரத்தத்தையும் போடாதவனின் ரத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுவோம். திராம்பாக்ஸேனுக்கு மூலப்பொருளான அராகிடோனிக் அமிலம் சேர்த்ததும் ஒருவனின் கோடு ஏறும், மற்றவனின் கோடு அப்படியே படுத்திருக்கும். முந்தின நாள் தலைவலிக்கு மாத்திரை போட்டதை மறைத்த பையன் அங்கே மாட்டிக்கொள்வான்.

இயற்கைப் பொருள் வேண்டாம் என்பதும் என் வாதம் அல்ல. கலிபோர்னியாவில் லாரன்ஸ் கிரேவன் என்ற சாதாரண குடும்ப டாக்டர்தான், டான்சில் ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பிரின் கலந்த சூயிங்கம் மென்றவர்களுக்கு ரத்தம் நிற்கவில்லை என்று கவனித்து, அப்படியானால் இதயத்தில் கட்டி வராமலும் தடுக்குமே என்று 1950-ல் எழுதினார். ஒப்பிட வேறொரு குழு இல்லாமல் செய்தார், பெரிதாகப் பரவாத இதழில் எழுதினார், யாரும் சீந்தவில்லை. கவனித்ததைச் சோதித்துக் காட்ட 38 வருஷம் ஆனது. மருதம்பட்டைக்கும் யாராவது அதைச் செய்யட்டும்.

இருளர்_நண்பன் | காலை 11.05

இயற்கை என்றதும் நினைவு வந்தது. வாத்தியார் சொன்ன ஜிபி 2பி/3ஏ ஏற்பியை அடைக்கும் டிரோஃபைபன் ஊசி, சுருட்டை விரியன் விஷத்தில் இருக்கும் ஒரு புரதத்தின் அமைப்பைப் பார்த்துச் செய்ததுதான். நம் வயக்காட்டில் கடிக்கிற அதே பாம்பு. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் விஷம் எடுப்பார்களே, அந்த நாலு வகைப் பாம்பில் இதுவும் ஒன்று. கடித்தால் ரத்தம் நிற்காமல் போவதற்குப் பல காரணத்தில் ஒன்று, பிளேட்லெட்களைக் கோத்துக்கொள்ள விடாத அந்தப் புரதம்.

சேலத்து_மாம்பழம் | மதியம் 12.40

குறுக்கே ஒரு கேள்வி. கோவிஷீல்டு போட்டவர்களுக்குப் பிளேட்லெட் குறைந்து ரத்தம் கட்டியது என்று 2024-ல் ஒரே பரபரப்பு. குறைந்தால் ரத்தம் கசியத்தானே வேண்டும், எப்படிக் கட்டும்?

ஊதாமூடி | மதியம் 1.15

ரெண்டும் ஒன்றாக நடக்கும் நோய்கள் உண்டு. இதில் பிளேட்லெட் வெளியிடும் பிஎஃப்4 என்ற புரதத்துக்கு எதிராக எதிர்ப்பொருள் உருவாகி, அது பிளேட்லெட்களை உசுப்பிவிடுகிறது. அவை கட்டிகளில் செலவாகித் தீர்வதால்தான் எண்ணிக்கை குறைகிறது. ஹெப்பாரின் ஊசிக்குப் பிறகு சிலருக்கு வரும் பிரச்சினையும் இதே குடும்பம், ஐசியு-வில் இருப்பவர்களுக்குத் தெரியும். தடுப்பூசியால் வந்தது மிக அரிது, வந்தால் போட்ட சில வாரங்களுக்குள் வந்திருக்கும். 2021-ல் போட்டதற்கு இப்போது பயப்பட ஒன்றுமில்லை.

பிளேட்லெட் விஷயத்தில் எண்ணிக்கையை மட்டும் பார்த்து "கூடினால் கட்டும், குறைந்தால் கசியும்" என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். மாரடைப்பு வருகிற பெரும்பாலோருக்கு எண்ணிக்கை நார்மல்தான்.

மெல்போர்ன்_மாமி | மதியம் 2.05

நன்றி மணி தம்பி, இப்போது தெளிவாகிவிட்டது. என் தங்கைக்குக் காலில் ரத்தக்கட்டி வந்தபோது ஆஸ்பிரின் கொடுக்காமல் வேறு மாத்திரை கொடுத்தார்கள். அது ஏன்?

மருந்துக்கடை_மணி | மதியம் 2.30

காலில் சிரையில் ரத்தம் மெதுவாகப் போகும். அங்கே வரும் கட்டியில் ஃபைப்ரினும் சிவப்பணுவும்தான் அதிகம், பிளேட்லெட் பங்கு குறைவு. அதனால் உறைவதற்கான காரணிகளைத் தடுக்கும் வார்ஃபரின், அபிக்ஸபான் வகை. இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கும் அதேதான். தமனியில் வேகம் அதிகம், அங்கே பிளேட்லெட் ராஜ்யம், அதற்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், டிகாக்ரிலர். எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரே பெயர் வைத்து "ரத்தம் இளக்குகிற மாத்திரை" என்பதால், ஒன்று தீர்ந்தால் இன்னொன்றைப் போட்டுக்கொள்கிறார்கள். அது ஆபத்து.

குளோபிடோக்ரெல் பற்றியும் ஒரு வார்த்தை. அது கல்லீரலில் சிஒய்பி2சி19 என்ற நொதியால் மாற்றப்பட்ட பிறகுதான் வேலை செய்யும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி மந்தம். ஐரோப்பியர்களைவிடத் தமிழர்களிடம் இந்த மாற்றம் அதிகம் என்று புதுச்சேரி ஜிப்மர் ஆய்வே இருக்கிறது. மாரடைப்பு முடிந்த புதிதில் பல டாக்டர்கள் டிகாக்ரிலர் எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதைத் தினம் ரெண்டு வேளை போட வேண்டும், சிலருக்கு மூச்சு வாங்குவது போல இருக்கும். வயிற்றுக்குச் சேர்த்துக் கொடுக்கும் மாத்திரையிலும் கவனம்: ஒமெப்ரஸோல் அதே நொதியை மந்தமாக்கும், அதனால் குளோபிடோக்ரெலோடு பான்டப்ரஸோல்தான் வழக்கம்.

கரிசல்காட்டான் | மதியம் 3.10

எங்கள் பக்கம் துணை சுகாதார நிலையத்திலேயே மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். அதுவும் இதுதானா?

மருந்துக்கடை_மணி | மதியம் 3.25

ஆமாம், 2023-ல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மூன்றையும் முதல் தவணையாகக் கூடுதல் அளவில் கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. கிராமத்திலிருந்து ஆஞ்சியோ மேஜை வரை போகும் நேரத்தில் கட்டி மேலும் மேலும் வளராமல் இருக்கட்டும் என்பதுதான் நோக்கம். ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வார்கள், சீக்கிரம் ரத்தத்தில் சேரும். மாத்திரை போட்டாகிவிட்டது என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. அது கட்டியைக் கரைக்காது. முதலில் 108.

வைகைக்கரை | மாலை 5.45

எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ராசிக் கதைக்குத்தான் அதிகம் சிரித்தார். சித்தப்பா இன்னும் நம்பவில்லை.

கடைசியாக ஒன்று. அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்க வேண்டும். பல் டாக்டர் "அஞ்சு நாள் ரத்த மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்று போன மாதமே சொன்னார். என்ன செய்வது?

உடலியல்_வாத்தியார் | மாலை 6.20

ரெண்டு டாக்டரையும் போனில் பேசவையுங்கள், இதய டாக்டர் எழுதிக் கொடுக்காமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். ஒரு பல் எடுப்பதற்கு மாத்திரையைத் தொடர்வதுதான் இப்போதைய வழக்கம். ரத்தம் கொஞ்சம் கூடுதல் நேரம் வரும், அவ்வளவுதான். பஞ்சை வைத்து அழுத்திக் கடித்துக்கொள்வது, தேவையானால் ஒரு தையல், டிரானெக்ஸாமிக் அமிலத்தில் வாய் கொப்பளிப்பது, இவற்றால் நிறுத்திவிடலாம். ஈறில் வரும் ரத்தம் கண்ணுக்குத் தெரியும், கையால் அழுத்தலாம். ஸ்டென்டில் வரும் கட்டியை அப்படி அழுத்த முடியாது. அவசரம் இல்லாத பல் என்றால் ஒரு வருஷம் முடியும் வரை தள்ளிவைக்கலாமா என்றும் கேளுங்கள்.

மருந்துக்கடை_மணி | மாலை 6.34

பல் எடுக்கக் காலை நேரமாகப் பார்த்து அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள், சாயங்காலம் வரை கசிந்தாலும் பல் டாக்டர் கிளினிக்கில் இருப்பார். அப்புறம் பல் எடுத்ததும் வலிக்கு எழுதும் சீட்டைக் கவனியுங்கள். இப்யூபுரூஃபன், காக்ஸ்-1 நொதியில் ஆஸ்பிரின் போய் உட்கார வேண்டிய இடத்தை மறைத்து, அதன் வேலையைக் கெடுக்கக்கூடியது. டைக்ளோஃபெனாக் இதய நோயாளிக்கே ஆகாது. "ஸ்டென்ட் வைத்திருக்கிறார், பாரசிட்டமால் மட்டும் எழுதுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வைகைக்கரை | மாலை 7.02

மூட்டுவலிக்கு அவ்வப்போது டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவார், அதை யாரும் கேட்கவே இல்லை. அட்டையை எடுத்துவிட்டேன். பல் டாக்டருக்கும் இதய டாக்டருக்கும் நாளைக் காலை பேசுகிறேன்.